வாசகர் கேள்வி–பதில்: பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ், இ23 முதல் ஜி70 வரை

பி.எம்.டபிள்யூவின் பெரிய சொகுசு காரான 7 சீரிஸ் பற்றி வந்திருந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பாதிக்கு மேல் பழைய வண்டி வாங்கலாமா என்று கேட்பவை. அதனால் வரலாறும் பழுதும் கலந்தே வருகின்றன. இந்தக் காரைப் பொறுத்தவரை இரண்டையும் பிரிக்கவும் முடியாது. எந்தப் புதுத் தொழில்நுட்பமாக இருந்தாலும் பி.எம்.டபிள்யூ பெரும்பாலும் அதை முதலில் 7 சீரிஸில்தான் வைக்கும். பத்து வருடம் கழித்து முதலில் மக்கர் செய்வதும் அதுவாகத்தான் இருக்கும்.

பழைய கார் விளம்பரங்களில் இ65, எஃப்02 என்றெல்லாம் போடுகிறார்கள். எது எந்த வருடத்து வண்டி? எப்படி உறுதி செய்வது?
– ஒரு வாசகர், மதுரை

இவை ஒவ்வொரு தலைமுறைக்கும் பி.எம்.டபிள்யூ வைக்கும் குறியீடுகள். இதுவரை ஏழு தலைமுறைகள். இ23 1977லிருந்து 1986 வரை, இ32 1994 வரை, இ38 2001 வரை, இ65 2008 வரை, எஃப்01 2015 வரை, ஜி11 2022 வரை. இப்போது விற்பது ஜி70. பின்சீட்டில் கால் நீட்ட இடம் விட்டு வீல்பேஸை (முன், பின் சக்கரங்களின் இடைவெளியை) நீட்டிய வடிவம் இ32ல்தான் முதலில் வந்தது. இ65ன் நீள வடிவத்துக்கு இ66 என்று பெயர், எஃப்01க்கு எஃப்02, ஜி11க்கு ஜி12. ஜி70ல் குட்டை வடிவமே கிடையாது. நம் ஊரில் ஓடுபவை பெரும்பாலும் நீள வடிவம்தான், பேச்சில் மட்டும் எல்லாவற்றையும் இ65 என்றே சொல்லிவிடுவார்கள்.

ஆர்.சி.யில் உள்ள பதிவு வருடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தலைமுறை மாறிய 2008, 2015 போன்ற வருடங்களில் பழைய வடிவம், புது வடிவம் இரண்டும் ஷோரூமில் நின்றிருக்கும். சேஸிஸ் நம்பரின் கடைசி ஏழு எழுத்துகளை உதிரிபாக கேட்லாக்கில் போட்டுப் பாருங்கள். தயாரான மாதம், எஞ்சின் குறியீடு, தொழிற்சாலையிலேயே பொருத்திய வசதிகள் எல்லாம் வந்துவிடும். விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் நம்பரை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், முன்கண்ணாடியின் அடியிலும் பானட்டுக்குள் பாடியிலும் பொறித்திருப்பதை நேரில் படித்து ஒப்பிடுங்கள்.

இன்னொரு விஷயம், வாங்குவதற்கு முன் வீட்டு பார்க்கிங்கை டேப் வைத்து அளந்துவிடுங்கள். இ23 நீளம் 4.86 மீட்டர். ஜி70 5.39 மீட்டர். 45 வருடத்தில் அரை மீட்டருக்கும் மேல் வளர்ந்திருக்கிறது. ஐந்து மீட்டருக்குக் கோடு போட்ட அடுக்குமாடி பார்க்கிங்கில் மூக்கு வெளியே நிற்கும்.

முதல் தலைமுறையில் 745ஐ என்று ஒரு வண்டி. எஞ்சின் 3.2 லிட்டர்தானாமே. பிறகு ஏன் 45?
– ஒரு வாசகர், சேலம்

அது டர்போ எஞ்சின். டர்போ வைத்த எஞ்சினின் கொள்ளளவை 1.4ஆல் பெருக்கிக் கணக்கிடுவது அன்றைய பந்தய விதி. 3.2ஐ 1.4ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4.5, அதிலிருந்து வந்ததுதான் அந்த 45. டர்போ, எஞ்சினின் வலப்பக்கத்தில் இருந்ததால், ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றினால் அதன் தண்டு போக வழியில்லை. வலப்பக்க ஸ்டியரிங் கேட்ட தென்னாப்பிரிக்காவுக்காக டர்போவையே விட்டுவிட்டு, எம்1 ஸ்போர்ட்ஸ் காரின் 24 வால்வு எஞ்சினின் வழிவந்ததை அங்கே 745ஐ-யில் போட்டார்கள். இருநூறு சொச்சம் வண்டிகள்தான் செய்தார்கள். அந்தக் குடும்பத்திலேயே கிடைத்தற்கரிய வண்டி அது.

750ஐஎல் வி12 வண்டியில் இரண்டு கம்ப்யூட்டர் இருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையா? அதைப் பராமரிக்க முடியுமா?
– ஒரு வாசகர், பெங்களூரு

உண்மைதான். 1987ல் இ32ல் வந்த எம்70 எஞ்சின், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் தயாரான முதல் வி12 கார் எஞ்சின். 4,988 சி.சி., 300 குதிரைத்திறன். அன்றைய 325ஐ காரின் ஆறு சிலிண்டர் எஞ்சின் 2,494 சி.சி. இரண்டால் பெருக்கிப் பாருங்கள், சரியாக 4,988. சிலிண்டரின் விட்டம், பிஸ்டன் நகரும் தூரம் இரண்டும் ஒன்றே. வடிவமைப்பிலும் இரண்டு ஆறு சிலிண்டர் எஞ்சின்களைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தது போலத்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி கண்ட்ரோல் யூனிட், த்ராட்டில், டிஸ்ட்ரிப்யூட்டர். ஒரு பக்கம் செத்தாலும் மறுபக்கத்து ஆறு சிலிண்டரில் வண்டி வீடு வந்து சேரும்.

பராமரிப்பில் சிக்கல் அங்கேதான். ஒரு பக்கம் நின்றுபோனாலும் வண்டி ஓடுகிறது என்பதால், 'கொஞ்சம் இழுவை குறைவு, மற்றபடி பரவாயில்லை' என்று சொல்லி விற்றுவிடுவார்கள். எரியாத பெட்ரோல் அந்தப் பக்கத்தில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுத் தீர்த்துவிடும். எஞ்சினைச் சூடாக்கி, ஒவ்வொரு பக்கத்து சைலன்சர் குழாயின் வெப்பத்தையும் கைத்துப்பாக்கி போன்ற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தனித்தனியே அளந்து பாருங்கள். ஒன்று நன்றாகக் குறைந்திருந்தால் அந்தப் பக்கம் வேலை செய்யவில்லை. முதலில் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி, ரோட்டார், பிறகு த்ராட்டில் மோட்டார் என்ற வரிசையில் தேடுங்கள். செலவுக்கும் பொறுமைக்கும் தயாராக இருப்பவர் மட்டும் வாங்க வேண்டிய வண்டி இது.

எம்70ஐ வைத்தே 6.7 லிட்டர் வி16 ஒன்றையும் பி.எம்.டபிள்யூ பொறியாளர்கள் செய்து பார்த்தார்கள். எஞ்சின் பானட் முழுவதையும் அடைத்துக்கொள்ள, ரேடியேட்டரை டிக்கிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. விற்பனைக்கு வரவில்லை.

1999 மாடல் 740ஐஎல் வைத்திருக்கிறேன். கூலன்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஓரிரு நொடி 'கடகட' சத்தம். ஹெட் கேஸ்கெட் என்கிறார் மெக்கானிக்.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ஹெட்டை (எஞ்சினின் மேல்பகுதியை) கழற்ற விடாதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ளவை இரண்டு தனித்தனி நோய்கள். இரண்டும் உங்கள் வண்டியில் இருக்கும் எம்62 எஞ்சினில் எல்லோருக்கும் வருபவை.

முதலில் கூலன்ட். வி8 எஞ்சினின் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதை மூடும் தகட்டின் கேஸ்கெட் வெப்பத்தில் காய்ந்து கசியும். கசிந்த கூலன்ட் பள்ளத்திலேயே தேங்கி, எஞ்சின் சூட்டில் ஆவியாகிவிடும். தேக்கம் மிஞ்சினால் மட்டும் எஞ்சினின் பின்புறம், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் வழியும். அதனால்தான் தரையில் ஒன்றும் தெரிவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் பிரஷர் டெஸ்டர் மாட்டி, டார்ச்சோடு பின்பக்கம் பாருங்கள். ஆல்டர்னேட்டரையும் விடாதீர்கள். இந்த எஞ்சினில் அதுவும் கூலன்ட்டால் குளிரூட்டப்படுவது, அதன் உறையைச் சுற்றியுள்ள கேஸ்கெட்டும் கசியும். ஹெட் கேஸ்கெட்தானா என்று தெரிய வேண்டுமானால், கூலன்ட் டேங்க் வாயில் வைக்கும் நீலத் திரவச் சோதனை இருக்கிறது. எஞ்சினில் எரிந்த புகை கூலன்ட்டில் கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். அந்தச் சின்னச் சோதனை செய்யாமல் ஹெட்டில் கை வைப்பது அநியாயச் செலவு.

மேனிஃபோல்டைக் கழற்றும்போதே பள்ளத்தின் மூடி, பின்பக்கக் கூலன்ட் குழாய்களின் ஓ ரிங்குகள், மேனிஃபோல்டு கேஸ்கெட்டுகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். கூலன்ட் டேங்க், ரேடியேட்டர் வாய், தெர்மோஸ்டாட் உறை எல்லாம் பிளாஸ்டிக். இந்த எஞ்சினின் தெர்மோஸ்டாட், எரிபொருள் மிச்சத்துக்காக சாதாரண ஓட்டத்தில் 105 டிகிரி வரை சூடேற விடுகிறது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும். 20 வருடத்துப் பிளாஸ்டிக்கை மறுபடி மாட்டாதீர்கள். நீலக் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் அலுமினியத்தில் உப்பு படிந்துவிடும்.

நிரப்பியதும் காற்றை வெளியேற்றுவதில்தான் பலர் தவறுகிறார்கள். இக்னிஷனை ஆன் செய்து, ஹீட்டரை இரண்டு பக்கமும் முழுச் சூட்டில் வைத்து, ப்ளோயரைக் குறைந்த வேகத்தில் விடுங்கள். டேங்க் பக்கத்து ப்ளீட் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் மட்டும் வரும்வரை மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டரைத் திறக்காமல் செய்தால் காற்று உள்ளே சிக்கிக்கொண்டு, அடுத்த நாளே சிக்னலில் கொதிக்கும்.

இரண்டாவது, காலைச் சத்தம். டைமிங் செயின் ஓடும் வழிகாட்டிப் பட்டைகளின் பிளாஸ்டிக் உடைந்திருக்கிறது. நடுவில் உள்ள யூ வடிவப் பட்டைதான் முதலில் போகும். ஆயில் ஃபில்டரைக் கழற்றி மடிப்புகளைப் பிரித்துப் பாருங்கள், பழுப்பு பிளாஸ்டிக் துணுக்குகள் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். துணுக்குகள் ஆயில் பம்பின் உறிஞ்சு வலையை அடைத்தால் எஞ்சினுக்கு ஆயில் பஞ்சம். செயின் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதும். ஆயில் பேனையும் இறக்கிச் சுத்தம் செய்யாமல் பட்டையை மட்டும் மாற்றுவது அரை வேலை. சத்தம் கேட்ட பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

இவ்வளவு சொன்னாலும், உங்களுடைய இ38 செலவழிக்கத் தகுதியான வண்டி. ஐரோப்பாவில் தயாரானவற்றில் தொழிற்சாலையிலேயே நேவிகேஷன் வைத்த முதல் கார், தலையைக் காக்கும் பக்கவாட்டு ஏர்பேக் வந்த முதல் கார். அப்படியிருந்தும் கையால் பழுது பார்க்கக்கூடிய கடைசி 7 சீரிஸ் இதுதான் என்பது எங்கள் கருத்து.

2007 மாடல் 750எல்ஐ விலைக்கு வருகிறது. மலிவு. ஓட்டிப் பார்த்தபோது நீண்ட சிக்னலில் நின்று கிளம்பியதும் பின்னால் நீலப் புகை. கிளம்பிய பிறகு இல்லை. வாங்கலாமா?
– ஒரு வாசகி, சென்னை

அந்தப் புகைதான் மலிவுக்குக் காரணம். இந்த வண்டியின் என்62 வி8 எஞ்சினில் வால்வு தண்டின் ரப்பர் சீல்கள் சூட்டில் இறுகிவிடும். ஐட்லிங்கில் நிற்கும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் அதிகம், அது ஆயிலை வால்வு வழியாகக் கீழே இழுத்துத் தேக்கிவைக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் தேங்கியது மொத்தமாக எரிகிறது. பிஸ்டன் ரிங் போயிருந்தால் ஓடும்போதும் புகை வரும், இங்கே அப்படி இல்லை. நீங்கள் பார்த்தது மிகச் சரியான அறிகுறி. இன்னொரு முறை எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு 15 நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி மிதித்துப் பாருங்கள்.

ஹெட்டைக் கழற்றாமலே சீல்களை மாற்றலாம். அந்தந்த சிலிண்டரின் வால்வு விழாதபடி உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, அதற்கென்ற கருவியால் ஸ்ப்ரிங்கை அமுக்கி மாற்ற வேண்டும். மொத்தம் 32 வால்வுகள். இதற்கு முன் என்62ல் இந்த வேலை செய்த ஒர்க்‌ஷாப்பா என்று கேளுங்கள். வால்வு திறக்கும் அளவை மாற்றும் வால்வ்ட்ரானிக் அமைப்பைக் கழற்றி மாட்டத் தெரியாதவர் கையில் எஞ்சின் மறுபடி ஒழுங்காக ஓடாது.

அடுத்து, முன்பக்கம் வாட்டர் பம்புக்குப் பின்னால் சொட்டுகிறதா பாருங்கள். எஞ்சினின் நடுப்பள்ளத்தில் ஓடும் கூலன்ட் குழாயின் முன்முனை சீல் போயிருந்தால் அங்கே வழியும். கம்பெனி முறைப்படி மாற்ற எஞ்சினின் முன்பகுதி முழுவதையும் பிரிக்க வேண்டும். அதற்கு மாற்றாக, இழுத்து நீட்டிப் பொருத்தும் குழாய்கள் வெளிச்சந்தையில் வந்துவிட்டன. மேனிஃபோல்டையும் வாட்டர் பம்பையும் கழற்றி, பழைய குழாயைத் துண்டாக அறுத்து எடுத்துவிட்டு, புதியதை உள்ளே வைத்து நீட்டினால் போதும். இந்த விஷயத்தில் வெளிச்சந்தைப் பொருள்தான் புத்திசாலித்தனம். ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பிராக்கெட்டின் கேஸ்கெட்டில் ஆயில் கசிந்து சூட்டில் தீயும் வாசனையும் இந்த எஞ்சினுக்கு வழக்கம்.

பிறகு மின்சாரம். ஒற்றைக் குமிழில் எல்லாவற்றையும் இயக்கும் ஐடிரைவ் உலகில் முதலில் வந்தது இந்த வண்டியின் இ65 தலைமுறையில்தான். ரேடியோ மாற்றக்கூட மெனுவுக்குள் போக வேண்டியிருந்ததால் கடுமையான திட்டு வாங்கியது. எஃப்01ல் குமிழைச் சுற்றி நேரடி பட்டன்கள் வைத்துத்தான் சரி செய்தார்கள். திட்டியவர்கள் அன்று கவனிக்காத சிக்கல் வேறு. ஆடியோ, போன், திரை எல்லாம் ஒளியிழை வளையம் ஒன்றில் மாலை மாதிரி கோத்திருக்கின்றன. டிக்கியில் மழைநீர் புகுந்து ஒரே ஒரு மாட்யூல் செத்தாலும் முழு வளையமும் ஊமையாகும். ஒவ்வொரு மாட்யூலாகக் கழற்றி, ஒளியிழை முனைகளை இணைப்பானால் சேர்த்துத் தாண்டிப் போனால் கெட்டது எது என்று தெரிந்துவிடும். திரையையே மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இதற்கெல்லாம் ஆகும் செலவை எழுதிக் கூட்டி விலையில் கழியுங்கள். விற்பவர் இறங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

2013 மாடல் 730எல்டி, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கி.மீ. எதையெல்லாம் பார்க்க வேண்டும்? அதே விலையில் 750எல்ஐயும் வருகிறது.
– ஒரு வாசகர், திருப்பூர்

750எல்ஐயை மறந்துவிடுங்கள். எஃப்02ன் என்63 வி8ல் டர்போக்கள் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே எஞ்சினின் உச்சியில் உட்கார்ந்திருக்கின்றன. சூடு போக வழியில்லாமல் சீல், இன்ஜெக்டர், ஹோஸ் எல்லாம் வேகின்றன. ஆயில் குடிப்பதும் செயின் நீள்வதும் இதற்குப் பெயர்போனவை. 2014 டிசம்பரில் அமெரிக்காவில் இந்த எஞ்சினுக்கென்றே தனிச் சேவைத் திட்டம் அறிவித்து, ஆயில் மாற்றும் இடைவெளியை 15,000 மைலிலிருந்து 10,000க்குக் குறைத்தார்கள்.

730எல்டி நம் ஊருக்கு ஏற்ற 7 சீரிஸ். 2012ல் செய்த இடைக்கால மாற்றத்துக்குப் பிந்தைய வண்டியில் 258 குதிரைத்திறன் தரும் என்57 டீசலும் எட்டு கியர் இசட்.எஃப். ஆட்டோமேட்டிக்கும் இருக்கும். பார்க்க வேண்டியவை இவை.

முந்தின நாள் மாலை சமதரையில் நிறுத்தச் சொல்லி, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் அளந்து வையுங்கள். மறுநாள் காலை எதையும் இயக்காமல் மறுபடி அளக்கவும். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் பின்பக்க ஏர் ஸ்ப்ரிங் கசிகிறது. ஸ்ப்ரிங் மாற்றுவது பெரிய வேலையில்லை. கசிவை விட்டுவைத்தால் கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடிக் கருகும், அதுதான் பெரிய செலவு.

என்57ல் டைமிங் செயின் எஞ்சினின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம். அங்கிருந்து உரசல் சத்தம் வந்தால் வண்டியை விட்டுவிடுங்கள், அதை எட்டவே எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். முன்பக்க கிராங்க் புல்லியின் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் பிரிந்தால் பெல்ட் அவிழ்ந்து உள்ளே இழுபட்டுவிடும்.

எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்கு அனுப்பும் இ.ஜி.ஆர். அமைப்பின் கூலரில் கூலன்ட் கசிந்து கரியோடு சேர்ந்து தீப்பிடிக்கும் ஆபத்து இருந்ததால், 2018 முதல் பல நாடுகளில் டீசல் வண்டிகளைத் திரும்ப அழைத்து மாற்றித் தந்தார்கள். சேஸிஸ் நம்பரைச் சொல்லி, இந்த வண்டிக்கு ஏதும் பாக்கி இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்று பி.எம்.டபிள்யூ சொல்லும். கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. செய்தவர் சொல்வதைக் கேளுங்கள். ஃபில்டர் பிளாஸ்டிக் பேனோடு ஒட்டியே வரும், பேனையே மாற்ற வேண்டும். எஞ்சின் ஐட்லிங்கில் ஓட, ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது நிரப்பும் துளையில் வழியத் தொடங்கும் அளவே சரியான அளவு. சூடாக்கிவிட்டு நிரப்பினால் குறைவாகத்தான் போயிருக்கும்.

பேட்டரி மாற்றியிருந்தால், புதியதை ஸ்கேனர் மூலம் பதிவு செய்தார்களா என்று கேளுங்கள். பதிவில்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்து கார் தப்பாகவே சார்ஜ் ஏற்றும், இரண்டு வருடத்தில் அதுவும் போய்விடும். வண்டியைப் பூட்டிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் மின்னோட்டம் 80 மில்லிஆம்பியருக்குக் கீழே வந்திருக்க வேண்டும்.

எஞ்சின் ஆயில் பி.எம்.டபிள்யூவின் எல்.எல்.04 தரம் மட்டும், மற்றவை டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியை அடைக்கும். ஊருக்குள் மட்டுமே ஓட்டுபவர் என்றால் மாதம் இருமுறையாவது அவினாசி பக்கம் நெடுஞ்சாலையில் 30 நிமிடம் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள், வடிகட்டி தானே கரியை எரித்துக்கொள்ளும். கடைசியாக, 2013 பதிவு என்றால் 2028ல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அதையும் விலை பேசும்போது சொல்லுங்கள்.

சென்னையில் செய்த வண்டி தரத்தில் குறைவா?
– ஒரு வாசகர், செங்கல்பட்டு

இல்லை. உங்கள் ஊர் பக்கத்து மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007ல் தொடங்கிய ஆலையில் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். 2023 ஜனவரியில் ரூ.1.70 கோடிக்கு அறிமுகமான 740ஐ அங்கே தயாரானது. உடன் வந்த ஐ7 மின்கார் முழுதாக இறக்குமதி, ரூ.1.95 கோடி. தரத்தில் வேறுபாடில்லை, வரியில்தான் வேறுபாடு.

ஜி12 வண்டி பாடியில் கார்பன் ஃபைபர் இருக்கிறதாமே. விபத்தில் அடிபட்டதை வாங்கலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

வெளித்தகடுகளில் இல்லை. நடுத்தூண், பின்தூண், கூரை விட்டங்கள், தரையின் நடுவில் ஓடும் மேடு (டனல்) போன்ற எலும்புக்கூட்டில் இருக்கிறது. முந்தைய வண்டியைவிட 130 கிலோ வரை எடை குறைந்ததில் அதற்கும் பங்குண்டு. கதவு, பம்பர், மட்கார்டு அடிபட்டது என்றால் வழக்கம் போலத்தான். தூண் வரை அடி போயிருந்தால் தொடாதீர்கள். இரும்பு வளையும், தட்டி நிமிர்த்தலாம். கார்பன் வளையாமல் உள்ளுக்குள் விரியும், வெளியே தெரியாது. அங்கே வெல்டிங் கூடாது, பசையும் ரிவெட்டும்தான். கார்பன் இரும்பை நேராகத் தொட்டால் இரும்பு அரிக்கும், நடுவே பசைப் படலம் முழுதாக இருக்க வேண்டும். கதவு ரப்பரை இழுத்து உள்ளே பாருங்கள். வெல்டிங் புள்ளி புதிதாகத் தெரிந்தாலோ, பசை கோடு ஒரே சீராக இல்லாவிட்டாலோ, யாரோ இரும்பு வண்டி என்று நினைத்து வேலை பார்த்திருக்கிறார்கள்.

ஹைட்ரஜனில் ஓடிய 7 சீரிஸ் என்னவாயிற்று? மின்சாரமும் அப்படித்தான் போகுமா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

2006ல் இ65 அடிப்படையில் ஹைட்ரஜன் 7 என்று 100 வண்டிகள் செய்தார்கள். அதன் வி12 எஞ்சின் பெட்ரோலிலும் ஹைட்ரஜனிலும் ஓடும். ஹைட்ரஜனைத் திரவமாக வைக்க மைனஸ் 253 டிகிரி குளிர் தேவை. எவ்வளவு காப்பிட்டாலும் நிறுத்திவைத்த வண்டியின் தொட்டியில் அது மெல்ல ஆவியாகி வெளியேறும். சில நாள் ஓட்டாவிட்டால் எரிபொருள் தானே காலி. நிரப்ப நிலையங்களும் இல்லை. அங்கேயே நின்றுவிட்டது.

ஐ7 அப்படியல்ல. வி12 2022ல் நின்றது, அதே வருடம் ஐ7 வந்தது. அதன் எக்ஸ்டிரைவ்60 வடிவத்தில் 101.7 கிலோவாட் மணி பேட்டரி, 544 குதிரைத்திறன். நிறுத்திவைத்தால் சார்ஜ் பெரிதாகக் குறையாது. வீட்டில் 11 கிலோவாட் சார்ஜரில் காலியிலிருந்து நிரம்ப ஏறக்குறைய பத்து மணி நேரம். அதற்கு மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும். ஒற்றை ஃபேஸ் வீட்டில் இரவு முழுக்கப் போட்டாலும் பாதிகூட ஏறாமல் இருக்கலாம். வண்டிக்கு முன்பணம் கட்டும் முன்பே மின்வாரியத்தில் இணைப்பை மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.